உங்களுக்குத் தெரியுமா? ‘அந்த வீடா… வேண்டாம்!’

பேராக்கின் சுங்கை சிப்புட்டில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முன்பணம் எவ்வளவு, கூரை ஒழுகுமா என்பதோடு பேச்சு முடிவதில்லை. கூட வந்த அம்மாவோ அத்தையோ ஏஜெண்டை ஓரமாக அழைத்து, “தம்பி, வீட்டுல ஏதும் நடந்திச்சா? மறைக்காம சொல்லுப்பா” என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். கொலை, தற்கொலை, விபத்து என்று துர்மரணம் நடந்த வீட்டைப் பற்றிய அச்சம் உலகத்தில் எல்லா ஊருக்கும் உண்டு. நம் ஊருக்கு அதைப் பேசக் கூடுதல் காரணம் இருக்கிறது. இந்த இதழின் துணுக்குகள் முழுவதும் அதைப் பற்றியே.

● மலாயாவின் தலையெழுத்தை மாற்றிய மூன்று கொலைகள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில்தான் நடந்தன. 1948 ஜூன் 16, புதன்கிழமை. காலை எட்டரை மணியளவில் எல்பில் தோட்டத்து ஆபீசுக்குச் சைக்கிளில் வந்தவர்கள், மேலாளர் ஆர்தர் வாக்கரை அவருடைய அறையிலேயே சுட்டுக் கொன்றார்கள். அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. சில மைல் தள்ளியிருந்த பின் சூன் தோட்டத்தில் மேலாளர் ஜான் எலிசனும், 21 வயதே ஆன உதவி மேலாளர் இயன் கிறிஸ்டியனும் நாற்காலியில் கட்டிவைக்கப்பட்டுச் சுடப்பட்டார்கள். இரண்டே நாளில், ஜூன் 18 அன்று, மலாயா முழுவதற்கும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது முறைப்படி முடிவுக்கு வந்தது 1960 ஜூலை 31-இல். நாடு சுதந்திரம் பெற்றதுகூட அவசரகாலத்துக்கு நடுவில்தான்.

வரலாற்றுப் புத்தகங்கள் இந்த இடத்திலிருந்து கம்யூனிஸ்டுகளோடு நடந்த காட்டுப் போருக்குப் போய்விடும். எனக்கு அந்தத் தோட்டங்களில் மறுநாள் விடிந்த காலைதான் மனதில் நிற்கிறது. பால் வெட்டுக்குப் போகிறவர்கள் மறுநாளும் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) வந்து நிற்க வேண்டும். அதே ஆபீசில்தான் சம்பளம் வாங்க வேண்டும். ‘இங்கே கொலை நடந்துவிட்டது, நான் வேறு வீடு பார்க்கிறேன்’ என்று சொல்லும் வசதி லயத்து வரிசைவீட்டுச் சனங்களுக்கு இல்லை. வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலையை விட்டால் வீடும் போய்விடும்.

● அன்று கொல்லப்பட்ட மூவரின் கல்லறைகளும் பத்து காஜாவில், ‘காட்ஸ் லிட்டில் ஏக்கர்’ என்று பெயர் பெற்ற கல்லறைத் தோட்டத்தில் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜூன் மாதம் அங்கே நினைவு அஞ்சலி நடக்கிறது. அவசரகாலத்தில் இறந்த போலீஸ்காரர்கள், படைவீரர்கள், ஈயச் சுரங்கக்காரர்கள், தோட்ட மேலாளர்கள் பலருக்கு அங்கே கல் இருக்கிறது. அதே ஆண்டுகளில் மாண்ட தோட்டத் தொழிலாளர்களில் எத்தனையோ பேருக்குப் பெயர் பொறித்த ஒரு பலகைகூடக் கிடையாது.

● ம.இ.கா. தலைவராக விளங்கிய துன் வீ. தி. சம்பந்தன் பிறந்ததும் இதே சுங்கை சிப்புட்டில், அதே ஜூன் 16-இல், 1919-ஆம் ஆண்டு. எல்பில் கொலை நடந்த காலை அவருக்கு 29-ஆவது பிறந்தநாள். பின்னாளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலையோடு வீட்டையும் இழந்து சனங்கள் தெருவுக்கு வந்தபோது, 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், பேராக்கில் ‘பேய் வீடு’ என்று கைகாட்டப்படும் பழைய லயங்கள் பலவற்றின் கதை இங்கேதான் தொடங்குகிறது. தோட்டம் கைமாறும், கித்தா போய்ச் செம்பனை வரும், ஆட்கள் வெளியேற்றப்படுவார்கள். கூரைத் தகரம் துருப்பிடிக்கும், வாசலில் லாலான் புல் ஆளுயரம் வளரும். பத்து வருஷம் கழித்து மோட்டார் சைக்கிளில் அந்தப் பக்கம் போகிற பிள்ளைகள் ‘அங்கே ஒரு பொம்பளை செத்துப் போனாளாம்’ என்று பேசத் தொடங்குவார்கள். சாவு நடந்ததால் காலியான வீடுகளைவிட, காலியானதால் சாவுக்கதை ஒட்டிக்கொண்ட வீடுகள்தான் நம் தோட்டப்புறங்களில் அதிகம் என்பது என் கணிப்பு. அங்கே உண்மையில் நடந்தது வெளியேற்றம். அதை மறந்துவிட்டுப் பேயை மட்டும் நினைவில் வைத்திருக்கிறோம்.

● பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லிஸ் காசல், மலேசியாவின் ‘பேய் மாளிகை’ப் பட்டியல் எதை எடுத்தாலும் அதில் இருக்கும். அதைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் அங்கே சாகவே இல்லை. 1926-இல் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். மாளிகை பாதியில் நின்றது. உண்மையில் அங்கே மடிந்தவர்கள், அதைக் கட்டுவதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். முதல் உலகப் போரின் கடைசியில் பரவிய ஸ்பானிய விஷக்காய்ச்சல் அவர்களில் பலரைக் கொண்டுபோனது. உயிர் தப்பியவர்கள் கேட்டுக்கொண்டபடி எழுந்ததுதான் அருகிலுள்ள மாரியம்மன் கோயில். அதன் கூரையில் தெய்வ உருவங்களுக்கு நடுவே தொப்பியோடு ஒரு வெள்ளைக்காரச் சிலையும் நிற்கிறது. மாளிகையில் இருட்டறை தேடிப் போகும் சுற்றுலாப் பயணிகள் அந்தக் கோயிலையும் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்.

● கோலாலம்பூரை அடுத்த உலு கிளாங்கில் ஹைலேண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் 1993 டிசம்பர் 11 அன்று சரிந்து விழுந்து 48 பேர் இறந்தார்கள். மிச்சம் நின்ற இரண்டு கட்டடங்களும் பாழடைந்து, ‘பேய்க்கு அஞ்சி யாரும் குடியிருக்கவில்லை’ என்ற பெயரை வாங்கிக்கொண்டன. குடியிருந்தவர்கள் வெளியேறியதற்குக் காரணம் பின்னால் இருந்த குன்று. மலைச்சரிவில் தண்ணீர் வடிய வழியில்லாமல் தடுப்புச் சுவர்கள் விழுந்துதான் முதல் கட்டடம் சரிந்தது. வீட்டை இழந்தவர்கள் அதற்குப் பிறகும் பல வருஷம் நீதிமன்றப் படியேறினார்கள். பேய்க்கதையில் பொறியாளரும் வரமாட்டார், வடிகாலும் வராது. யாரும் பொறுப்பேற்கத் தேவையில்லாத கதை அது. அதனாலேயே அது எனக்குப் பிடிக்காது.

● நம் பஞ்சாங்கப்படி, ஒருவர் எப்படி இறந்தார் என்பதைவிட எந்த நட்சத்திரத்தில் இறந்தார் என்பதே வீட்டைப் பாதிக்கும். இதற்குத் தனிஷ்டா பஞ்சமி அல்லது அடைப்பு என்று பெயர். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி ஆகிய ஐந்துக்கும் ஆறு மாத அடைப்பு. (அவிட்டத்தில் பின்பாதிக்கு மட்டும் என்போரும் உண்டு.) ரோகிணிக்கு நான்கு மாதம். கார்த்திகை, உத்திரம் இரண்டுக்கும் மூன்று மாதம். மிருகசீரிடம், புனர்பூசம், சித்திரை, விசாகம், உத்திராடம் ஐந்துக்கும் இரண்டு மாதம். உயிர் பிரிந்த அறையைப் பூட்டி வைப்பார்கள். அங்கே விளக்கு எரியும். காலம் முடிந்ததும் சாந்தி செய்து திறப்பார்கள். பழைய நாட்களில் வீட்டையே காலி செய்து வாசலில் முள் வெட்டிப் போட்டதும், பிணத்தைத் தலைவாசல் வழியாக எடுக்காமல் சுவரை உடைத்து எடுத்ததும் உண்டு.

இந்தப் பட்டியலை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 27 நட்சத்திரங்களில் 13 வந்துவிடுகின்றன. தொண்ணூறு வயதில் பேரப்பிள்ளைகள் சூழ நிம்மதியாகக் கண்மூடிய பாட்டியின் அறைக்கும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பில் அடைப்பு உண்டு. ஆகவே அடைப்பைத் துர்மரணத்தோடு போட்டுக் குழப்பக் கூடாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அடைப்புக்கு ஒரு முடிவுத் தேதி இருக்கிறது. ஆறு மாதம் போனால் கதவு திறக்கும், அடுத்த பொங்கலுக்கு அங்கே கோலம் விழும். இன்றைய ஊர்ப்பேச்சு ஒரு வீட்டின் மேல் போடும் பூட்டுக்குத்தான் தேதியே இல்லை.

● லயத்தில் அடைப்பு எப்படி நடந்திருக்கும்? பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். இருப்பதே ஓர் அறையும் அடுப்படியும்தான். எதைப் பூட்டுவது? எந்தச் சுவரை உடைப்பது? விளக்கு, பதினாறாம் நாள் கருமாதி, கோயிலில் ஓர் அர்ச்சனை என்று சடங்கைச் சுருக்கிக்கொண்டு அதே அறையில் பாயை விரித்துப் படுப்பதைத் தவிர வேறு வழி ஏது? வீடு ஒதுக்குவது வீடு உள்ளவர்களால் முடிகிற காரியம்.

● துர்மரணம் அடைந்தவரை ஒதுக்குவது மட்டும் தமிழ் மரபு அல்ல. கும்பிடுவதும் தமிழ் மரபுதான். வட தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் பூவாடைக்காரியைப் படையல் போட்டு வணங்குகின்றன. அந்தக் குடும்பத்தில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ இறந்துபோன பெண்தான் பூவாடைக்காரி. வீட்டில் கல்யாணம் என்றால் முதல் புடவை அவளுக்கு. அகாலத்தில் போனவள் என்று அவளை வெளியே தள்ளாமல், சாமியறையில் இடம் கொடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

நம் தோட்டங்களில் காவல் நிற்கும் மதுரை வீரனும் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு இறந்தவர்தான். கழுவேற்றப்பட்ட காத்தவராயனுக்கும் கோயில் உண்டு. வறுமை தாளாமல் ஏழு பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நல்லதங்காளுக்கு விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்புக்கு அருகே அர்ச்சுனாபுரத்தில் கோயில் இருக்கிறது. அநியாயமாகச் செத்தவர்களுக்கு ஊர் ஒரு கடன் பட்டிருக்கிறது என்ற எண்ணம் இந்த வழிபாடுகளின் அடியில் இருக்கிறது. கூலியாகக் கப்பலேறியவர்கள் இந்தத் தெய்வங்களைத்தான் கூட அழைத்து வந்தார்கள். ‘அந்த வீடா, வேண்டாம்’ என்கிற நமக்கு, அகாலத்தில் இறந்த பெண்ணுக்குப் பூ வைக்கத் தெரிந்த முன்னோர்களும் இருந்திருக்கிறார்கள்.

● வீட்டில் நடந்த துர்மரணத்தை விற்பவர் தானாகச் சொல்லியே ஆக வேண்டும் என்று மலேசியாவில் தனிச்சட்டம் எதுவும் இல்லை. வீட்டுக் கிராண்டில் சொந்தக்காரர் பெயர் இருக்கும், வங்கிக் கடன் இருக்கும், கேவியட் இருந்தால் அதுவும் இருக்கும். யார் எப்படி இறந்தார் என்பது இருக்காது.

ஆனால் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவை வீடு வாங்கும் எல்லோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இந்தியாவின் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது இது. வெறுமனே வாய் திறக்காமல் இருப்பது மோசடி ஆகாது. ஆனால் பேச வேண்டிய கடமை இருக்கும்போதும், மௌனமே பேச்சுக்குச் சமமாகும்போதும் மோசடி ஆகலாம் என்கிறது அது. சட்டத்திலேயே ஒரு குதிரையை வைத்து விளக்கியிருக்கிறார்கள். குறையுள்ள குதிரையை ஒன்றும் சொல்லாமல் ஏலத்தில் விற்றால் மோசடி இல்லை. வாங்குகிறவர், அப்போதுதான் வயதுக்கு வந்த சொந்த மகள் என்றால் சொல்லும் கடமை இருக்கிறது. ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே எடுத்துக்கொள்வேன்’ என்று வாங்குபவர் கேட்டுவிட்ட பிறகு விற்பவர் சும்மா இருந்தால், அந்த மௌனம் பேச்சாகிவிடும்.

ஆகவே, ஓரமாக அழைத்துக் கேட்கும் நம் அத்தைகளின் வழக்கம் சட்டப்படியும் சரியான வழக்கம். இன்னும் ஒரு படி மேலே போய், வாட்ஸ்அப்பிலோ கடிதத்திலோ எழுத்தில் கேளுங்கள். கேட்ட கேள்விக்குப் பொய்யான பதில் வந்து, அதை நம்பி நீங்கள் கையெழுத்திட்டால், 19-ஆவது பிரிவின்படி ஒப்பந்தத்தை ரத்துச் செய்யக் கோர வழி உண்டு. லெலோங்கில் எடுக்கும் வீட்டுக்கு இந்த நம்பிக்கையை வைக்காதீர்கள். ஏலத்தில் வீடு ‘இருக்கிறபடியே’ விற்கப்படுகிறது. அக்கம்பக்கத்தில் விசாரிப்பது உங்கள் வேலை.

● அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு பெண்மணி 76,000 டாலருக்கு வீடு வாங்கினார். பத்து வருஷத்துக்கு முன் அங்கே ஒரு தாயும் நான்கு பிள்ளைகளும் கொல்லப்பட்டிருந்ததைக் குடிபோன பிறகு பக்கத்து வீட்டார்தான் சொன்னார்கள். ‘ரீட் எதிர் கிங்’ என்ற அந்த வழக்கில், 1983-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் நியாயம் கேட்க இடமுண்டு என்றது. இப்போது அந்த மாநிலச் சட்டப்படி மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட சாவைத் தானாகச் சொல்லத் தேவையில்லை. கேட்டால் பொய் சொல்லக் கூடாது.

● நியூயார்க்கில் 1991-இல் ஒரு நீதிமன்றம் ‘சட்டத்தின் பார்வையில் இந்த வீட்டில் பேய் இருக்கிறது’ என்றே தீர்ப்பு எழுதியது. பேய் உண்டா என்று நீதிபதிகள் ஆராயவில்லை. வீட்டுக்காரரே தன் வீட்டுப் பேயைப் பற்றி ஊரறியப் பத்திரிகையில் எழுதியிருந்தார்; விற்கும்போது மட்டும் வெளியூர்க்காரரிடம் மூச்சுவிடவில்லை. ஊருக்குச் சொன்னதை வாங்குபவருக்கு மறைத்ததுதான் குற்றமாகப் பார்க்கப்பட்டது. ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வாங்கியவருக்கு வழி கிடைத்தது.

● ஹாங்காங்கில் துர்மரணம் நடந்த அடுக்குமாடி வீடுகளின் விலையை மூன்று பொருளியலாளர்கள் பல ஆண்டு விற்பனைக் கணக்குகளை வைத்து ஆராய்ந்தார்கள். சாவு நடந்த வீட்டின் விலை சராசரியாக 20 விழுக்காடு விழுந்தது. எதிர்பார்க்கக் கூடியதுதான். அதே மாடியிலுள்ள மற்ற வீடுகளும் 10 விழுக்காடு விழுந்தன. அதே கட்டடத்தில் 7, அதே குடியிருப்பு வளாகத்தில் 1. ஒரு குடும்பத்தின் துயரத்துக்கு முகம்கூடத் தெரியாத மேல்மாடிக்காரரும் பணம் கட்டுகிறார். அப்படியானால் அந்தக் குடும்பத்தைப் பார்த்து அந்தக் கட்டடமே எப்படி முகம் சுளித்திருக்கும்!

● அமெரிக்காவில் படம் படமாக எடுக்கப்பட்ட அமிட்டிவில் வீடு, 1974-இல் ஒரு குடும்பத்தில் ஆறு பேர் கொல்லப்பட்ட இடம். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் தாங்காமல் கதவு எண்ணையே 112-இலிருந்து 108 ஆக மாற்றிவிட்டார்கள்.

● இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் 25, குரோம்வெல் தெரு வீட்டைத் தொடர்கொலைகள் வெளிவந்தபின் 1996-இல் நகராட்சி தரைமட்டமாக்கியது. செங்கற்களை யாரும் நினைவுப்பொருளாகத் தூக்கிப் போகாதபடி நொறுக்கினார்கள். இன்று அந்த இடத்தில் ஒரு நடைபாதை இருக்கிறது.

● கொலை நடந்த வீடு தேசத்தின் நினைவிடமாவதும் உண்டு. காந்தி 1948 ஜனவரி 30-இல் சுடப்பட்ட டில்லி பிர்லா மாளிகை, 1971-இல் அரசால் வாங்கப்பட்டு 1973-இல் காந்தி ஸ்மிருதியாகத் திறக்கப்பட்டது. இந்திரா காந்தி 1984 அக்டோபர் 31-இல் சுடப்பட்டு விழுந்த சப்தர்ஜங் சாலை இல்லமும் அருங்காட்சியகமாகிவிட்டது. அவர் கடைசியாக நடந்த பாதைக்கு அருகே பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்க்கிறார்கள். நம் பேராக்கில், 1875 நவம்பர் 2-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் கொல்லப்பட்ட பாசிர் சாலாக் ஆற்றங்கரையும் இன்று வரலாற்று வளாகம். பெரிய மனிதர்கள் இறந்த இடத்துக்கு மலர்வளையம். சாதாரணக் குடும்பத்தில் நடந்தால் பூட்டு.

● அதே டில்லியில், புராரி பகுதியில் 2018 ஜூலை 1 அன்று ஒரே வீட்டில் பதினொரு பேர் இறந்து கிடந்தார்கள். நாடே பேசியது. அடுத்த ஆண்டின் இறுதியில் அந்த வீட்டில் ஒரு மருத்துவப் பரிசோதனை நிலையம் வாடகைக்கு வந்தது. இரத்தப் பரிசோதனைக்கு ஆட்களும் வந்தார்கள். ஒருவர் துணிந்து கதவைத் திறந்தால் தெரு மெல்லப் பின்தொடரும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

● ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில்வேக்கு 1942–43-இல் மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். எத்தனையோ பேர் காலராவிலும் பசியிலும் காட்டில் விழுந்தார்கள். அவர்கள் இறந்தது வீட்டில் அல்ல. இறந்த நாள் தெரியாது, நட்சத்திரம் தெரியாது, அடைப்புக் கணக்குப் பார்க்க உடல் இல்லை. கணவன் வருவான் என்று லயத்தில் காத்திருந்த பெண்கள் பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்று தெரியாமலே வருஷங்களைக் கழித்தார்கள். துர்மரணம் நடக்காமலே துக்கம் குடியேறிய வீடுகள் அவை. அந்த வீடுகளை யாரும் ஒதுக்கவில்லை. ஏனென்றால் வரிசை முழுவதும் அப்படித்தான் இருந்தது.

● சிலாங்கூர் பத்தாங் காலியில், அதே அவசரகாலத்தில், 1948 டிசம்பரில் பிரிட்டிஷ் படையினர் தோட்டத்துச் சீனத் தொழிலாளர்கள் 24 பேரைச் சுட்டுக் கொன்று குடியிருப்புகளையும் கொளுத்தினார்கள். நியாயம் கேட்ட குடும்பத்தாரின் வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015-இல்தான் தீர்ப்பளித்தது. அப்போதும் பொது விசாரணைக்கு உத்தரவு கிடைக்கவில்லை.

● 1968 டிசம்பர் 25 இரவு, பழைய தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் மக்கள் உயிருக்கு அஞ்சி ஒரு சிறு குடிசைக்குள் ஒடுங்கினார்கள். குடிசை கொளுத்தப்பட்டது. 44 பேர் எரிந்துபோனார்கள்; பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அந்த ஊரில் இன்று நினைவிடம் இருக்கிறது. ஒவ்வொரு டிசம்பர் 25-க்கும் செங்கொடியோடு ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். அந்த இடத்தை யாரும் தீட்டு என்று விலக்கவில்லை. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய மாவட்டங்களில் தஞ்சையும் ஒன்று. வெண்மணியின் பெயர் நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

● சாவு நடந்த வீட்டை எப்படி வாடகைக்கு விடுவது என்பதற்கு ஜப்பான் அரசு 2021 அக்டோபரில் வழிகாட்டி நெறியே வெளியிட்டது. முதுமையில் வந்த சாவு, படியில் வழுக்கி விழுந்தது போன்ற வீட்டு விபத்து ஆகியவற்றைச் சொல்லத் தேவையில்லை. தற்கொலை, கொலை, நாள்கணக்கில் யாரும் கவனிக்காமல் கிடந்த உடல் என்றால் வாடகைக்கு வருபவரிடம் ஏறத்தாழ மூன்று வருஷம் வரை சொல்ல வேண்டும். விற்பதானால் அந்த மூன்று வருஷக் கணக்குப் பொருந்தாது. வந்தவர் நேராகக் கேட்டால் எப்போதானாலும் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கடைசிப் பகுதி. இறந்தவரின் பெயர், வயது, குடும்ப விவரம், எப்படி இறந்தார் என்ற நுணுக்கம் எதையும் ஏஜெண்ட் சொல்லத் தேவையில்லை. வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை வருகிறவருக்கு உண்டு. அந்தக் குடும்பத்தின் கதையைக் கிளறும் உரிமை இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க நாமும் பழக வேண்டும். நம் தாமான்களில் பாருங்கள்: வீட்டைப் பற்றி ஒரு வரியில் முடியும் பதில், அந்த வீட்டு மகளின் கல்யாணப் பேச்சு வரை நீண்டுவிடும். ‘அந்த வீட்டுப் பொண்ணா?’ என்ற கேள்வியைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நம் நடுவில் இருக்கிறார்கள். வீடு மாறிப் போனாலும் அவர்களை அந்தக் கேள்வி விடுவதில்லை.

● மலேசியாவில் 2023 வரை, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியாக நிறுத்தி ஓராண்டு வரை சிறையில் தள்ளச் சட்டத்தில் இடம் இருந்தது. குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவு அது. 2023-இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. இலங்கை 1998-இலும் சிங்கப்பூர் 2020-இலும் தங்கள் சட்டத்திலிருந்து இதை எடுத்துவிட்டன. போலீசுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே மறைத்த முயற்சிகள் எத்தனை, உதவி கிடைக்காமல் இரண்டாம் முறை பலியான உயிர்கள் எத்தனை என்று எண்ணும்போது, இந்த மாற்றம் முப்பது வருஷம் முன்பே வந்திருக்கக் கூடாதா என்று நெஞ்சு பதறுகிறது.

● தோட்டத்து வீடுகளில் நடந்த தற்கொலைகள் பலவற்றில் விதியைவிடக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த களைக்கொல்லிக்கே பங்கு அதிகம். இலங்கையில் 1990-களின் நடுவில் தற்கொலை விகிதம் உலகின் மிக மோசமானவற்றில் ஒன்றாக இருந்தது. கொடிய பூச்சிமருந்துகளையும் களைக்கொல்லிகளையும் ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு அது ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. மலேசியா பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2002-இல் தடை விதித்து, 2006-இல் தளர்த்தி, 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடைசெய்தது. ‘அந்த வீட்டுக்கு ராசி இல்லை’ என்று பேசிய எத்தனையோ வீடுகளில், ராசிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு போத்தல் பூட்டாமல் இருந்தது.

● பக்கத்து வீட்டில் இப்படி ஒன்று நடந்துவிட்டால் என்ன செய்வது? பதினாறு நாள் போக்குவரத்து எல்லா வீட்டுக்கும் நடக்கும். பதினேழாம் நாளிலிருந்துதான் அந்த வாசல் வெறிச்சோடும். அந்த நாட்களில் போங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். ‘எப்படி நடந்தது?’ என்று கேட்காதீர்கள்; இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த நல்லதைப் பேசுங்கள். தீபாவளிப் பலகாரம் மாற்றிக்கொள்ளும்போது அந்தக் கதவைத் தாண்டிப் போகாதீர்கள். துக்கத்தில் வாங்கமாட்டோம் என்று அவர்களே சொல்லட்டும். மனம் தாங்கவில்லை என்று யாராவது சொன்னால், சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ தொலைபேசி எண் 15555. மனத்துணை தரும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929. பிஃப்ரெண்டர்ஸில் இரவு எந்நேரமும் எடுப்பார்கள். இரண்டு எண்களையும் கைப்பேசியில் இப்போதே பதிந்து வையுங்கள்.